அலுமாரி இல்லாத வீட்டிலும் விளையாடலாம்

உங்கள் கைக்கெட்டிய தூரத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எழுந்து போய் நல்லதாகத் தேடி எடுக்க வேண்டாம். பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகமாக இருக்கலாம், போன வருடத்துப் பஞ்சாங்கமாக இருக்கலாம், வேதாகமமாக இருக்கலாம். இப்போது ஒரு சின்னக் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இரவு என்ன சமைப்பது என்பது போன்ற ஒன்று போதும். புத்தகத்தின் 27 ஆம் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து ஐந்தாவது வரியை உரத்து வாசியுங்கள். அதுதான் பதில்.

பதில் அநேகமாகக் கேள்விக்குப் பொருந்தாது. பொருந்தாமல் இருப்பதில்தான் விளையாட்டின் ருசியே இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் ஒரு கிராமத்தில், புதன்கிழமை பின்னேரங்களில் முன்பள்ளிக் கட்டிடத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் கூடுவோம். இந்த விளையாட்டை அங்கே முதன்முதலாகத் தொடங்கியபோது, புதிதாகக் கலியாணம் முடித்த தங்கச்சி ஒருத்தி, "எங்கட மாமி எப்பிடிப்பட்ட ஆள்?" என்று கேட்டாள். மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த அக்கா 27 ஆம் பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கம் அமிலங்களைப் பற்றியது. பாயில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

சொந்தப் புத்தகங்களை வைத்து விளையாடுவதென்றால் முதலில் வரும் பேச்சு, "எங்களிட்ட எங்க மிஸ் புத்தகம் இருக்கு?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் வீடுகளில் இருந்த சின்ன அலுமாரிகளை யாரும் கணக்கெடுத்ததாக நான் அறியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்கு ஓடியவர்களும் கையில் எடுத்தவற்றில் புத்தகம் எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும்? பிள்ளை, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நகை. புத்தகம் பாரமானது.

அதனால் நாங்கள் ஒரு வாரம் முழுவதும் வீடுகளைத் தேடினோம். அச்சடித்துக் கட்டிய எதுவும் புத்தகம்தான் என்று முடிவு செய்தோம். 1980 இலிருந்து அரசாங்கம் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுப்பதால், பாடசாலைப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆறேழு புத்தகங்களாவது இருக்கும். அதற்கு மேல் தேவாரத் திரட்டு, திருக்குறள், வேதாகமம், தையல் வகுப்பில் தந்த கையேடு, அட்டை இல்லாத ஒரு கல்கி நாவல். சிலர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள், சிலர் உரப்பையில். ஒரு வீட்டில் அரிசி வாளியின் மூடிக்கு மேல் அடுக்கியிருந்தது. பத்து வீட்டையும் கூட்டினால் பாய் நிறைந்துவிட்டது.

பாயில் புத்தகங்களைப் பரப்பியதும் தலைப்பு விளையாட்டுக்கு வழி பிறந்தது. புத்தகங்களின் பெயர்களை மட்டும் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரு வசனம் போலவோ ஒரு கதை போலவோ வரச்செய்வது. நினா கச்சடூரியன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1993 இலிருந்து இப்படிப் புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்து வருகிறார். அவர் புத்தகத்தின் முதுகுப் பக்கத்தைப் பார்த்து அடுக்குவார். எமது பாடப்புத்தகங்களின் முதுகில் எழுத்துப் பிடிக்க இடமில்லை, ஆகவே அட்டை தெரிய வரிசையாக வைத்தோம். நாவல்கள் போதாதபோது, தாங்கள் வாசித்த அல்லது கேள்விப்பட்ட புத்தகங்களின் பெயர்களைக் கலண்டர் மட்டைத் துண்டுகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

வந்தவற்றில் சில: 'நீண்ட பயணம்', 'தூரத்துப் பச்சை', 'புதியதொரு வீடு'. செ. கணேசலிங்கனும் கோகிலம் சுப்பையாவும் மஹாகவியும் ஒரே பாயில் சேர்ந்து, மீள்குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் 'யாருக்காக அழுதான்?' என்ற ஜெயகாந்தனின் நாவலுக்குக் கீழே 'சொல்லாத சேதிகள்' என்ற மட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 'சொல்லாத சேதிகள்' 1986 இல் சித்திரலேகா மௌனகுருவின் முன்முயற்சியோடு யாழ்ப்பாணத்தில் வெளிவந்த, ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பு. அந்த வரிசைக்கு விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பது எமது விதி.

எல்லோரையும் சிரிக்க வைத்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்காவின் வரிசை. முதலில் 'மனைப்பொருளியல்', அடுத்து 'கணிதம்', அடுத்து 'பார்த்திபன் கனவு'. பிறகு தனது கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வைத்தார். வாராவாரம் தவணை கட்டும் நுண்கடன் புத்தகம். "இதுவும் புத்தகம்தானே மிஸ்?" என்று கேட்டார். அச்சடித்துக் கட்டியது எல்லாம் புத்தகம் என்று நாங்களே விதி போட்டிருந்தோம், மறுக்க முடியாது. அதற்குக் கீழே 'யாருக்காக அழுதான்?' மட்டையை இழுத்து வைத்தார். சிரிப்பு அடங்கியபோது, அங்கிருந்த பதினொரு பேரில் ஏழு பேரிடம் அதே மாதிரிப் புத்தகம் இருப்பது தெரியவந்தது. அதுவரை ஒருவருடைய கடன் மற்றவருக்குத் தெரியாது. வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எந்தப் படலையால் வெளியேறுவது என்பது வரையில் பேச்சு அன்று போனது. நான் ஆறு மாதமாகக் கூட்டம் வைத்துக் கேட்டும் வெளிவராத விடயம் இது.

இந்த இடத்தில் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எமது பெண்களிடம் கேள்வி கேட்காதவர்கள் யாருமில்லை. கிராம சேவையாளர் கேட்பார், ஆணைக்குழுக்கள் கேட்கும், நிறுவனங்கள் படிவத்தோடு வந்து கேட்கும், பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து கேட்பார்கள். கணவர் எப்போது, எங்கே, யார் கண்டது? ஒரே பதிலை இருபது தடவை சொல்லிச் சொல்லி, அந்தப் பதில் அவர்களுடையதே அல்ல என்பதுபோல் ஆகிவிடுகிறது. விளையாட்டில் பேசுவது புத்தகம். விரும்பினால் அதற்குப் பின்னால் தானும் பேசலாம், விரும்பாவிட்டால் மட்டையை வைத்துவிட்டு இருக்கலாம். சமூகவியல் படித்த காலத்தில் ஹுயிசிங்கா என்ற டச்சு அறிஞர் 1938 இல் விளையாட்டைப் பற்றி எழுதிய நூலைப் பற்றிப் படித்தோம். விளையாட்டு தனக்கென ஒரு வட்டத்தைக் கீறிக்கொள்ளும், உள்ளே வெளியுலக விதிகள் செல்லாது என்கிறார். அன்றைக்குப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய விடயம்.

அந்த வட்டத்தைக் காக்க நாங்கள் சில காரியங்களைத் தவிர்க்கிறோம். யார் என்ன சொன்னார் என்று குறிப்பெடுப்பதில்லை, படம் எடுப்பதில்லை. "விடுறன்" என்று சொன்னால் அடுத்தவரின் முறை. யாராவது அழுதால் விளையாட்டை நிறுத்துவதுமில்லை, ஏன் என்று தோண்டுவதுமில்லை. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார், ஆட்டம் போகும். இதை மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று கேட்டால், என்னிடம் பதில் கிடையாது. 'ஏனையவை' என்றொரு கட்டம் இருக்கிறது.

புத்தகத்தைத் திறந்து பதில் பார்ப்பது புதிய பழக்கமல்ல. மதுரையில் சமணரோடு வாதம் செய்தபோது திருஞானசம்பந்தர் தமது பதிகச் சுவடியைத் திறக்க, திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது என்றும், அந்த ஏட்டை நெருப்பில் இட வேகாமல் பச்சையாக இருந்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் சைவர்களிடம் இருந்திருக்கிறது. ஈரானில் ஆண்டின் மிக நீண்ட இரவில் குடும்பமாகக் கூடி, ஹாபிஸ் என்ற கவிஞரின் நூலைத் திறந்து வந்த பாட்டில் பலன் பார்ப்பார்கள்.

ஆனால் எமது வட்டத்தில் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறோம். மகனைத் தேடும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் தேவாரத் திரட்டைத் திறந்து பார்ப்பவர். 27 ஆம் பக்க விளையாட்டு அவருடைய முறைக்கு வந்தபோது அவர் என்ன கேட்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அறை அமைதியானது. நான், "சின்னக் கேள்வி மட்டும்தான் அம்மா இங்க" என்றேன்.

"அப்ப நான் வீட்டில கேக்கிறன்."

"வீட்டில கேளுங்கோ. இங்க வேண்டாம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இந்த விடயத்தில் நான் இளகுவதாக இல்லை. அதே கேள்வியோடு அந்தப் பாயில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். தற்செயலாக வரும் ஒரு வரியை உரத்து வாசித்தால் அது ஐந்து பேருக்கும் தீர்ப்பாகிவிடும். 'இல்லை' என்று ஒரு சொல் அந்த வரியில் இருந்துவிட்டால் இரவு யார் நித்திரை கொள்வது? உண்மை சொல்லவேண்டிய கடமை உள்ளவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், அந்தப் பாரத்தை எட்டாம் ஆண்டுப் பாடப்புத்தகத்தின் தலையில் ஏற்றக்கூடாது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கட சிவப்புக் கோழி அடைக்குக் கிடக்குமோ?" என்று கேட்டார். பஞ்சாங்கம்தான் பதில் சொன்னது. பல்லி எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்ற பக்கம் அது.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். எமது குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி இருக்கிறார், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைப்பவர். அவருக்காகவே 'எந்தப் புத்தகம்?' என்ற ஆட்டம் வந்தது. ஒருவர் புத்தகத்தை மறைத்துக்கொண்டு ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் அது பாடப்புத்தகமா, பஞ்சாங்கமா, வேதாகமமா, சமையற் புத்தகமா, நாவலா என்று சொல்லவேண்டும். ஆச்சியைத் தோற்கடிக்க இன்னும் ஒருவராலும் முடியவில்லை. பஞ்சாங்கம் மூக்கால் பேசும், வேதாகமம் ஒவ்வொரு வசனத்தையும் 'அப்பொழுது' என்று தொடங்கப் பார்க்கும், பாடப்புத்தகம் ஒன்றைச் சொல்லிவிட்டு உடனே கேள்வி கேட்கும் என்பது அவருடைய கணக்கு. நாவல் எப்படிப் பேசும் என்று கேட்டதற்கு, "அது சும்மா இருக்கிற சனத்தைப் போல வானத்தைப் பார்க்கும்" என்றார். இதைவிட நல்ல இலக்கிய விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

திருக்குறள் இருக்கும் வீட்டில் சொல் தேடல் விளையாடலாம். ஒரு சொல்லைக் கொடுத்து, அது எங்கே வருகிறது என்று தேடச் சொல்வது. 133 அதிகாரங்களையும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டாகப் பங்கு போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாங்கள் தேடிய சொல் 'பனை'. எமது பெண்களில் பாதிப்பேர் பனையோலையில் பெட்டியும் தடுக்கும் பின்னி விற்பவர்கள். வள்ளுவருக்கு எமது மரத்தைத் தெரியுமா என்று பார்ப்போமே என்றுதான் தொடங்கினோம். 104, 433, 1282 ஆகிய குறள்களில் அகப்பட்டது. மூன்றிலும் பனை தனியே வரவில்லை, தினையோடு சோடியாக வருகிறது. தினை மிகச் சிறியதற்கு அளவு, பனை மிகப் பெரியதற்கு அளவு. முதலாவதில் சிறு உதவியைப் பெரிதாக எண்ணுபவர்கள் வருகிறார்கள், இரண்டாவதில் சிறு பிழையைப் பெரிதாக எண்ணி நாணுபவர்கள். மூன்றாவது காமத்துப்பாலில் இருக்கிறது. ஆசை பனையளவு பெருகி நிற்கும்போது தினையளவுகூட ஊடக்கூடாது என்று சொல்வது. அதைக் கண்டுபிடித்த அக்கா வாசித்துவிட்டு, "இதைப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேல்லையே மிஸ்" என்றார். அன்று தேத்தண்ணி ஆறிப்போகும் வரை யாரும் எழும்பவில்லை.

கடைசியாக, புத்தகமே இல்லாமல் விளையாடும் ஒன்று. அந்தாதி. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குவது. இதைத் தமிழில் முதலில் பாடியவர்களில் ஒரு பெண் இருக்கிறார். காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியை 101 வெண்பாக்களாகப் பாடினார். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலப் படிமங்களில் தாளத்தோடு இருக்கும் அவருடைய உருவமும் ஒன்று. நாங்கள் வெண்பாவுக்குப் போகவில்லை, புத்தகப் பெயர்களில் விளையாடினோம். சொல்லின் முதலில் வராத எழுத்துக்கள் தமிழில் பல உண்டு. ஆகவே பெயரின் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து, சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்து எதுவோ அந்த வருக்கத்தில் அடுத்த பெயரைச் சொல்லவேண்டும். 'வாடைக்காற்று' என்றால் 'கா'. 'காட்டாறு'. மறுபடியும் 'கா'. 'காலங்கள் சாவதில்லை'. இப்போது 'தி'. 'தியாகபூமி'. 'மி'. 'முற்றத்து ஒற்றைப்பனை'. 'ப'. 'பார்த்திபன் கனவு'. வகர வருக்கத்துக்கு வந்தால் திரும்பவும் வாடைக்காற்றைச் சொல்லக்கூடாது, வேறொன்றைத் தேடவேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தோம். சொல்லும் புத்தகம் ஒருகாலத்தில் உங்கள் வீட்டில் இருந்திருக்கவேண்டும், அல்லது நீங்கள் கையில் பிடித்திருக்கவேண்டும். வலிகாமத்திலிருந்து வந்து இங்கே கலியாணம் முடித்த ஒருவர் ஒவ்வொரு பெயருக்கும் அது இருந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னார். இரண்டாம் தட்டு, இடப்பக்கம், மஞ்சள் அட்டை. அப்பாவின் கையெழுத்து முதற்பக்கத்தில். 1995 இல் போகும்போது அப்பா நல்ல புத்தகங்களை உரப்பையில் கட்டிக் குசினி அட்டாளில் ஏற்றிவிட்டு, ஒரு கிழமையில் வந்துவிடலாம் என்றாராம். திரும்பிப் போனபோது அட்டாளே இல்லை. இதை அவர் அழாமல்தான் சொன்னார். சொல்லிக்கொண்டு போகையில் மற்றவர்களும் தங்கள் தட்டுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவர் பாலமனோகரனின் 'நிலக்கிளி'யைச் சொன்னார். தண்ணீர்முறிப்பு அந்த நாவலுக்குள் இருக்கிறது, அவருடைய தாய்வழி ஊரும் அந்தப் பக்கம். புத்தகம் வாசிகசாலையில் எடுத்தது என்றும், திருப்பிக் கொடுக்க முதல் இடம்பெயர்ந்துவிட்டோம் என்றும், இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது என்றும் சொன்னார். வாசிகசாலைக் கட்டிடமும் இப்போது அங்கே இல்லை.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. அம்மா சொல்லும் பெயரைப் பிள்ளை தேடிப் பார்க்கட்டும். அகப்பட்டால் அட்டைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டட்டும். மஞ்சள் அட்டையா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். நாங்கள் பார்த்த ஒன்று பச்சை. "இல்லை, மஞ்சள்தான். இது வேற பதிப்பு" என்று அவர் விடாமல் நின்றார்.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், இரண்டு பேர் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயும் மகளுமாக விளையாடலாம். பத்துக்கு மேல் போனால் முறை வருவதற்குள் அலுப்புத் தட்டும். மட்டைத் துண்டுக்குப் பழைய கலண்டர் நல்லது, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். வாரம் ஒரு விளையாட்டுக்கு மேல் வேண்டாம். புதன்கிழமை வரட்டும் என்று காத்திருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. போன கிழமை கலைந்து போகும்போது, ஆச்சி படலைவரை போய்த் திரும்பி வந்து, அடுத்த முறைக்கும் பஞ்சாங்கத்தை மறக்காமல் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய வீட்டில் ஒரு பல்லி விழுந்திருக்கிறதாம். எங்கே விழுந்தது என்பதைப் புதன்கிழமைதான் சொல்வாராம்.